சாட்டைக்கு என்ன விலை?

அண்ணன் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். "அத்தை, பதினஞ்சு லட்சம்னு அதுலயே போட்டிருக்கு. நானும் அதே விலைக்குத்தான் வச்சேன். ரெண்டு நாளா ஒருத்தரும் வாங்கல. ஏன்?" என்றான். பின்னாலிருந்து அண்ணி, "எதுக்குடா பதினஞ்சு லட்சம்?" என்று பதறுவதும் கேட்டது.

அவன் விற்க நினைத்தது ஒரு சாட்டை. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில், அபிசல் டீமன் என்ற அரக்கனைக் கொன்றால் எப்போதாவது கிடைக்கும் அபிசல் விப். எப்போதாவது என்றால், சராசரியாக 512 அரக்கர்களுக்கு ஒன்று. ஸ்லேயர் என்ற திறமையை 85ஆம் நிலைவரை வளர்த்துக்கொண்டவர்தான் அந்த அரக்கன்மேல் கைவைக்கவே முடியும். அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த பொருளை நியாயமான விலைக்கு விற்க ஆசைப்படுகிறான். ஆனால் அந்த நியாயமான விலையை எங்கே போய்ப் பார்ப்பது? டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம். இந்த விளையாட்டை நீங்கள் ஆடியிருக்க வேண்டியதில்லை. ஒரு மனை வாங்கிய அனுபவமோ, சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசிய அனுபவமோ இருந்தால் போதும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். ரூன்ஸ்கேப் 2001இல் இங்கிலாந்தில் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜேஜெக்ஸ் நிறுவனம் நடத்துகிறது. 2007இல் இருந்த பழைய வடிவமே பிடிக்கும் என்று ஆட்டக்காரர்கள் கேட்டதால், அந்த ஆண்டின் நகலை எடுத்து 2013இல் தனி விளையாட்டாக விட்டார்கள். அதுதான் ஓல்ட் ஸ்கூல். உள்ளே ஓர் உலகமே இருக்கிறது. மீன் பிடிப்பவர், மரம் வெட்டுபவர், இரும்பு உருக்குபவர், அரக்கனை வேட்டையாடுபவர் என்று ஆளுக்கொரு வேலை. ஒருவர் பிடித்த மீனை இன்னொருவர் சண்டைக்குப் போகும்போது தின்கிறார். எனவே சந்தை தானாகவே முளைத்துவிடுகிறது. பதினைந்து லட்சம் என்று பையன் சொன்னது அந்த உலகத்துத் தங்கக் காசு. அங்கே விலைகள் நாளுக்கு நாள் மாறும் என்பதால், கணக்குக்கு வசதியான எண்களை வைத்துக்கொண்டே பேசுவோம்.

ஆரம்ப காலத்து விளையாட்டுகளில் விலை தெரிந்துகொள்ள ஒரே வழி கூவுவதுதான். 1999இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. அதற்குள் கூடி நின்று, விற்கிறேன், வாங்குகிறேன் என்று மணிக்கணக்கில் தட்டச்சிலேயே கூவுவார்கள். யாரும் அங்கே சந்தை கட்டிக் கொடுக்கவில்லை. சாலை ஓரத்தில் நிழல் இருக்கும் இடத்தில் வாரச்சந்தை கூடுவதுபோல ஆட்டக்காரர்களே கூடினார்கள். அங்கே அரை நாள் நின்று காது கொடுத்தவருக்குத்தான் விலை தெரியும்.

ரூன்ஸ்கேப்பில் அந்தக் கூவலை முடித்துவைத்தது கிராண்ட் எக்ஸ்சேஞ்ச். நம் ஊர் கமிஷன் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையை இறக்கி, இந்த விலைக்கு விற்றுக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். இன்னொருவர் வந்து, இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவைப்பார். இரண்டும் பொருந்தும்போது மண்டி கைமாற்றிவிடும். வாங்கியவர் யார், விற்றவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. சந்தா கட்டியவர் ஒரே சமயத்தில் எட்டுப் பொருள்களை இப்படி நிறுத்திவைக்கலாம். இலவசமாக ஆடுபவருக்கு மூன்று.

இந்த மண்டியில் ஏதாவது ஒரு பொருளைத் தேடினால், பெயருக்கு அருகில் ஓர் எண் தெரியும். எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். பையனும் இங்கேதான் சறுக்கினான். அந்த எண்ணை விலை என்று எடுத்துக்கொள்கிறோம். கடையில் டப்பாமேல் அச்சடித்த விலையைப் பார்த்தே பழகிய கண் நமக்கு. எண் ஒன்று எழுதியிருந்தால், அந்தக் காசைக் கொடுத்தால் பொருள் வரும், அந்தப் பொருளைக் கொடுத்தால் காசு வரும் என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது.

அந்த எண்ணுக்கு விளையாட்டுக்குள் வைத்திருக்கும் பெயர் கைடு பிரைஸ், அதாவது வழிகாட்டி விலை. தமிழ்நாட்டில் மனை வாங்கியவருக்கு இந்தச் சொல் புதிதாக இருக்காது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வழிகாட்டி மதிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மதிப்பைக் காட்டி, இந்த விலைக்கு உங்கள் மனையைக் கொடுங்கள் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். சில தெருக்களில் சிரிப்பார்கள், சில தெருக்களில் ஓடிவந்து கொடுத்துவிடுவார்கள். வழிகாட்டி மதிப்பு ஒரு காலத்தில் எழுதப்பட்டது. தெரு அதற்குப் பிறகும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. கிராண்ட் எக்ஸ்சேஞ்சின் எண்ணும் அப்படித்தான். முன்பு நடந்த விற்பனைகளை வைத்துக் கணக்கிட்டு, அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். அது பொய் சொல்வதில்லை. நேற்றைய சேதியைச் சொல்கிறது, அவ்வளவுதான். விலை இறங்கிக்கொண்டிருக்கும் வாரத்தில் அந்த எண் சந்தையைவிட உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தில் சாட்டையை மாட்டிவிட்டு நம் பையன் இரண்டு நாள் காத்திருந்தான்.

சரி, அந்த எண்ணையே சட்டமாக்கிவிட்டால் என்ன, எல்லாருக்கும் நியாயம் கிடைத்துவிடுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல கேள்வி. அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். மூல ரூன்ஸ்கேப்பில் மண்டி முதன்முதலில் திறந்தது 2007 நவம்பரில். நிஜப் பணத்துக்கு விளையாட்டுக் காசை விற்பவர்களை ஒடுக்க, 2008 தொடக்கத்திலிருந்து நிறுவனம் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. மண்டியில் வழிகாட்டி விலைக்கு மேலே 5 சதவீதம், கீழே 5 சதவீதம், அதற்குள்தான் விற்கலாம். இருவர் நேருக்கு நேர் மாற்றிக்கொண்டாலும், இரு பக்கமும் வழிகாட்டி விலைப்படி ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும்.

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஓர் அரிய தொப்பிக்கு மண்டிப் பலகையில் வழிகாட்டி விலை 10 கோடி என்று இருக்கிறது, ஆனால் 12 கோடி கொடுக்க ஆள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் 10 கோடிக்குக் கொடுக்க மாட்டார். 12 கோடி வாங்க விதி விடாது. எனவே தொப்பியோடு, யாரும் சீண்டாத, ஆனால் பலகையில் 2 கோடி என்று காட்டும் குப்பைப் பொருள்களையும் சேர்த்துக் கொடுத்தார். தாளில் 12க்கு 12, கணக்கு நேர். யூரியா கேட்டுப் போன விவசாயியின் தலையில் வேண்டாத இணைப்பொருளையும் சேர்த்துக் கட்டும் உரக்கடையை நாம் பார்த்திருக்கிறோமே, அதேதான். ஆட்டக்காரர்கள் இதற்கு ஜங்க் டிரேடிங் என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2011 பிப்ரவரியில் பழைய சுதந்திரம் திரும்பும்வரை இது ஓடியது. விலையைப் பலகையில் கட்டிப்போட முடியவில்லை, அது பக்கத்துச் சந்து வழியாகப் போய்விட்டது. இந்த மூன்று ஆண்டுக் கதையை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வதுண்டு. விலை என்பது எங்கே குடியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் பார்த்ததில்லை. கொடுக்கச் சம்மதிக்கும் ஒருவருக்கும் வாங்கச் சம்மதிக்கும் ஒருவருக்கும் நடுவில்தான் அது இருக்கிறது.

அப்படியானால் அந்த இருவரையும் தேடுவோம். இந்த நொடியில் சாட்டை வாங்கக் காத்திருப்பவர்களில் அதிகமாகக் கொடுக்கத் தயாராக இருப்பவர் ஒருவர் இருப்பார். விற்கக் காத்திருப்பவர்களில் குறைவாகக் கேட்பவரும் ஒருவர் இருப்பார். முன்னவர் 14,20,000 என்கிறார், பின்னவர் 14,60,000 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் இன்னும் கைகோக்கவில்லை. கோத்திருந்தால் அந்த வியாபாரம் முடிந்து, இருவருமே வரிசையிலிருந்து போயிருப்பார்கள். ஆக ஒரு பொருளுக்கு எந்த நொடியிலும் இரண்டு விலைகள் உண்டு. உடனே விற்றால் ஒன்று, உடனே வாங்கினால் ஒன்று. நகைக்கடையில் பழைய தங்கத்தைப் போடும்போதும் புதுத் தங்கம் எடுக்கும்போதும் இதே இடைவெளியை அனுபவித்திருப்பீர்கள்.

இந்த இரண்டு எண்களையும் மண்டி நமக்குக் காட்டுவதில்லை. ஆனால் கண்டுபிடிக்க ஆட்டக்காரர்கள் அழகான ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மண்டியில் ஒரு வழக்கம்: இருவர் சொன்ன விலை வேறுபட்டால், முன்பே வந்து காத்திருந்தவர் சொன்ன விலைக்கு வியாபாரம் முடியும். எனவே ஒரே ஒரு சாட்டையை 20 லட்சத்துக்கு வாங்குவதாகச் சொல்லுங்கள். மண்டி உங்களிடம் 20 லட்சம் பிடுங்காது. குறைவாகக் கேட்டுக் காத்திருந்தவரின் 14,60,000த்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தரும். முதல் எண் கிடைத்தது. இப்போது அதே சாட்டையை வெறும் 10 லட்சத்துக்கு விற்பதாகச் சொல்லுங்கள். அதிகம் தருவதாகக் காத்திருந்தவர் 14,20,000த்துக்கு எடுத்துக்கொள்வார். இரண்டாம் எண்ணும் கிடைத்துவிட்டது. கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்ப்பதுபோல. ஆட்டக்காரர்கள் இதை மார்ஜின் செக் என்பார்கள்.

கல்லுக்கும் விலை உண்டு என்பதை மறக்க வேண்டாம். 40,000 இடைவெளியில் போனது. அதற்கு மேல் வரி. 2021 டிசம்பரிலிருந்து மண்டியில் விற்பவரிடம் 1 சதவீத வரி பிடித்தார்கள். 2025 மே மாதம் அதை 2 சதவீதமாக்கினார்கள். 14,20,000க்கு 28,400. ஆக, விலை தெரிந்துகொள்ள மட்டும் 68,400 காசு செலவு. இவ்வளவு தேவையா என்றால், இப்போது தேவையில்லை. விளையாட்டின் விக்கி தளமும் ரூன்லைட் என்ற துணைச் செயலியும் கைகோத்து, கடைசியாக உடனடி வாங்கல் எவ்வளவுக்கு நடந்தது, உடனடி விற்பனை எவ்வளவுக்கு நடந்தது, எத்தனை நிமிடம் முன்பு நடந்தது என்று இலவசமாகக் காட்டுகின்றன. ஆனாலும் ஒருமுறையாவது மலிவான பொருளை வைத்துக் கையால் செய்து பார் என்றுதான் பையனிடம் சொன்னேன். இரண்டு விலை என்ற விஷயம் காதால் கேட்டால் பதியாது. கைக்காசு போனால் பதியும்.

இப்போது நம்மால் நியாய விலையை நெருங்க முடியும். பையன் சாட்டையை இந்த நொடியே விற்றால் வரி போகக் கையில் 13,91,600 நிற்கும். குறைவாகக் கேட்பவரைவிட ஆயிரம் குறைத்து 14,59,000 என்று வைத்துவிட்டுத் தூங்கப் போனால், யாராவது வாங்கும்போது வரி 29,180 போக 14,29,820 வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 38,220. இது சாட்டையின் விலையில் சேர்த்தியில்லை, காத்திருப்பதற்கான கூலி. அவசரம் இருப்பவர் அந்தக் கூலியைக் கொடுக்கிறார், பொறுமை இருப்பவர் வாங்கிக்கொள்கிறார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எனவே என்ன விலை சரி என்று யாராவது கேட்டால், எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த இடைவெளிக்குள்ளேயே நடந்து பிழைப்பவர்களும் உண்டு. 14,21,000க்கு வாங்கி 14,59,000க்கு விற்பார்கள். 38,000 லாபம்போலத் தெரியும். வரியைக் கழித்தால் 8,820தான் நிற்கும். அதுவும் விலை நடுவில் சரியாமல் இருந்தால். ஒரே ஆள் சந்தையை வாரிக்கொள்ளாமல் இருக்க, நான்கு மணி நேரத்துக்கு இத்தனைதான் வாங்கலாம் என்ற வரம்பும் இருக்கிறது. சாட்டைக்கு அது 70.

விலை எவ்வளவு தூரம் கீழே போகும்? இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொறி இருக்கிறது. மந்திரத் திறமையில் 55ஆம் நிலை வந்தவர் ஹை அல்கெமி என்ற மந்திரத்தைப் போடலாம். கையில் இருக்கும் பொருள் மறைந்து, அதற்கு விளையாட்டு எழுதிவைத்த உள்மதிப்பில் 60 சதவீதம் காசாக மாறிவிடும். ரூன் பிளேட்பாடி என்ற மார்புக் கவசத்தின் உள்மதிப்பு 65,000. எனவே மந்திரம் போட்டால் 39,000, என்றைக்கும் எப்போதும். மந்திரத்துக்கு நேச்சர் ரூன் என்ற மந்திரக் கல் ஒன்று செலவாகும். அது ஒரு நூறு சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கவசத்தின் விலை 38,000த்துக்குச் சரிந்தால் என்ன ஆகும்? அதை அணியவே விரும்பாதவர்கள்கூட வாங்கி வாங்கி உருக்கத் தொடங்குவார்கள். விலை தானாக ஏறிவிடும். நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை இருப்பதுபோல, இது கவசத்துக்குத் தரை. இப்படித் தரைக்குப் பக்கத்திலேயே விலை உலவும் பொருளுக்கு யாரிடமும் கேட்காமல், ஒரு துண்டுச் சீட்டில் கழித்துப் பார்த்தே நியாய விலையைச் சொல்லிவிடலாம். சாட்டைக்கும் அப்படி ஒரு தரை உண்டு, 72,000. ஆனால் விலை 14 லட்சத்தில் உலவும்போது அந்தத் தரை பாதாளத்தில் இருக்கிறது. அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

தரையைப் பார்த்த கையோடு, பையன் அன்றைக்குக் கேட்ட இன்னொரு கேள்வியையும் எடுத்துக்கொள்வோம். "ஆறு நாள் உக்காந்தேன் அத்தை. அந்த உழைப்புக்கு விலை இல்லையா?" என்றான். அவன் உழைப்பு உண்மை. ஆனால் வாங்குபவர் கண்ணுக்கு ஆறு நாளில் கிடைத்த சாட்டையும் முதல் அரக்கனிடமே கிடைத்த சாட்டையும் ஒன்றுதான். உழைப்பு விலைக்குள் வருவது வேறு வழியாக. சாட்டை விலை மிகவும் இறங்கினால், இந்த அரக்கனை அடிப்பதைவிட வேறு வேலை லாபம் என்று பலர் இடம் மாறுவார்கள், வரத்து குறையும், விலை ஏறும். ஒருவனுடைய ஆறு நாளுக்குக் கூலி இல்லை. ஆனால் எல்லாருடைய நாள்களும் சேர்ந்து விலையைத் தாங்குகின்றன.

அந்த நாள்கள் சில சமயம் வேடிக்கைக்கான நாள்களாகவும் இருப்பதில்லை. வெனிசுவேலாவின் பணம் காகிதமாகிப்போன ஆண்டுகளில், அங்கே பலர் இந்த விளையாட்டில் பச்சை டிராகன்களைக் கொன்று, எலும்பையும் தோலையும் மண்டியில் விற்று, சேர்ந்த காசை வெளியே நிஜப் பணத்துக்கு விற்று அரிசி வாங்கினார்கள். விளையாட்டின் விதிப்படி அது குற்றம், பிடிபட்டால் கணக்கு போய்விடும். ஆனாலும் ஒரு மண்டியில் டிராகன் எலும்பு மலிவாகக் கிடைத்தால், அதன் மறுமுனையில் யாருடைய இரவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இதுவரை பார்த்தது ஒரே மாதிரியான பொருள்களின் கதை. ஒரு சாட்டை இன்னொரு சாட்டையைப் போலவே இருக்கும், ஒரு நாளில் ஏராளமாகக் கைமாறும், விலை சீக்கிரம் தெளியும். ஒவ்வொரு பொருளும் தனித்தனி என்றால்? அதற்கு நாம் நியூசிலாந்துக்குப் போக வேண்டும். ஆக்லாந்தில் இருக்கும் கிரைண்டிங் கியர் கேம்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட பாத் ஆஃப் எக்ஸைல் விளையாட்டில், ஒரு மோதிரத்துக்கு ஆறு குணங்கள்வரை அமையலாம். உயிர் கூடும், நெருப்பைத் தாங்கும், குளிரைத் தாங்கும் என்று. எந்தக் குணம், எவ்வளவு என்பதெல்லாம் குலுக்கலில் விழும். உங்கள் மோதிரத்தைப் போல இன்னொன்று உலகத்தில் இருக்கவே இருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம். விலையும் காசில் பேசப்படுவதில்லை. கேயாஸ் ஆர்ப், டிவைன் ஆர்ப் என்ற உருண்டைகளில் பேசுவார்கள். அவையும் வெறும் நாணயம் இல்லை, பொருள்களைச் செப்பனிட உதவும் சரக்கு. நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கிய காலம்போல.

இங்கே வணிகத் தளத்தில் தேடினால், விற்பனைக்கு வைத்திருக்கும் மோதிரங்களும் கேட்கும் விலையும் வரிசையாக வரும். மறுபடியும் அதே சறுக்கல் காத்திருக்கிறது, ஆனால் இன்னும் நயமான வடிவத்தில். ரூன்ஸ்கேப்பின் எண்ணாவது நடந்த விற்பனைகளிலிருந்து வந்தது. இந்தப் பட்டியலில் இருப்பவை அனைத்தும் இன்னும் விற்காதவை. சரியான விலையில் வைத்த மோதிரங்கள் போன நிமிடமே போய்விட்டன, அவை பட்டியலில் இல்லை. சந்தை கலையும் நேரத்தில் போய், கடையில் மிஞ்சிக் கிடக்கும் கத்தரிக்காயையும் அதற்குக் கடைக்காரர் சொல்லும் விலையையும் பார்த்து, இன்றைக்குக் கத்தரிக்காய் இந்த விலைக்கு விற்றது என்று முடிவுசெய்தால் எப்படி இருக்கும்? விற்றதெல்லாம் யார் வீட்டுக் குழம்பிலோ கொதிக்கிறது. நாம் பார்ப்பது மிச்சம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவர் பட்டியலை வேறு கண்ணோடு படிப்பார். ஒவ்வொரு மோதிரத்துக்கும் பக்கத்தில் அது எப்போது வைக்கப்பட்டது என்றும் இருக்கும். ஒரு வாரமாகக் கிடக்கும் விலை, இந்த விலைக்கு விற்காது என்பதற்குச் சாட்சி. பத்து நிமிடம் முன்பு வந்ததுதான் இன்னும் சோதிக்கப்படாதது.

பட்டியலின் உச்சியில் இருக்கும் மிக மலிவான ஒன்றிரண்டையும் உடனே நம்பிவிடக் கூடாது. பல ஆண்டுகள் இந்த விளையாட்டில் விற்பவருக்குச் செய்தி அனுப்பி, அவர் சம்மதித்து, நேரில் சந்தித்துத்தான் வாங்க முடிந்தது. இதைப் பயன்படுத்தி ஒரு சூழ்ச்சி நடந்தது. நல்ல மோதிரம் ஒன்றை மிகக் குறைந்த விலைக்குப் பட்டியலில் மாட்டுவார்கள். வாங்குகிறேன் என்று கேட்டால் பதிலே வராது. அவர்கள் விற்க வரவில்லை. புதிதாக வந்தவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நம்முடையதும் இவ்வளவுதான் போலும் என்று அதே விலைக்கு வைப்பார். மறு நொடி அவருடையதை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். விலை பார்க்கத் தெரியாதவரின் கண்ணுக்கென்றே மாட்டிய தூண்டில் அது. 2025இல் கடைப் பெட்டி போன்ற ஓர் ஏற்பாடு வந்தது. அதில் வைத்த பொருளை, விற்பவர் ஊரில் இல்லாவிட்டாலும், சொன்ன விலையைக் கொடுத்து யாரும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே தூண்டில் போட்டால் புழுவே போய்விடும். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்ற ஒரே மாற்றத்தில், பட்டியலில் இருக்கும் எண்ணுக்கே எடை கூடிவிடுகிறது.

தனித்தனிப் பொருளுக்கு விலை பார்ப்பது, தரகர்கள் மனைக்கு விலை சொல்வதைப் போன்றது. உங்கள் மனையைப் போல இன்னொரு மனை இல்லைதான். ஆனால் ரோட்டு முகப்பு, தண்ணீர், மூலை மனை என்று நாலைந்து விஷயம்தான் விலையைத் தூக்கும். வேலி என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. மோதிரத்திலும் ஆறு குணத்தையும் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. வாங்குபவர் விரும்பும் இரண்டு மூன்று குணத்தை மட்டும் எடுத்து, அளவையும் பத்து சதவீதம் தளர்த்தித் தேடினால் சொந்தக்காரர்கள் போல ஒரு கூட்டம் வரும். அவற்றில் புதிதாக வந்தவற்றின் நடுவில் ஒரு விலை வைத்து மாட்டுங்கள். ஒரு நாளாகியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லையென்றால் கொஞ்சம் இறக்குங்கள். மாட்டிய அரை நிமிடத்தில் பத்துப் பேர் கேட்டால், அடுத்த முறை கூட்டி வையுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததை விற்றுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எண்ணே இல்லாமல் போகும் இடமும் உண்டு. 2001 கிறிஸ்துமஸுக்கு ரூன்ஸ்கேப்பில் பட்டாசுச் சுருள்களை அள்ளி இறைத்தார்கள். இருவர் இரு பக்கமும் பிடித்து இழுத்தால், ஒருவருக்குக் காகிதத் தொப்பி கிடைக்கும். வெறும் அலங்காரம். பலர் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிறகு அந்தத் தொப்பி வழங்கப்படவே இல்லை, இருப்பதும் குறைந்துகொண்டே போனது, விலை ஏறிக்கொண்டே போனது. அந்த விளையாட்டில் ஒரு குவியலில் 2,14,74,83,647 காசுக்குமேல் வைக்க முடியாதபடி கணினியின் எண் வடிவம் தடுத்தது. நீலத் தொப்பி அதையும் தாண்டிவிட்டது. மண்டியில் அந்த விலையை எழுதக்கூட இடமிருக்கவில்லை. தொப்பி வைத்திருந்தவரும் வாங்க வந்தவரும் பழைய காலம்போலவே நேரில் பார்த்து, போன தொப்பி எவ்வளவுக்குப் போயிற்று என்று நாலு பேரைக் கேட்டு, பேசித்தான் முடித்தார்கள்.

பையன் அன்று இரவே சாட்டையை எடுத்து 14,59,000க்கு மாற்றி வைத்தான். காலையில் போன் வந்தது. "போயிடுச்சு அத்தை. அரை மணி நேரத்துலயே போயிருக்கு." குரலில் சந்தோஷம் பாதி, யோசனை பாதி. "அப்போ இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சிருக்கலாமோ?"